பழைய லேப்டொப்பை விலைபேசும் முன்



இம்முறை ஆசிரியர் மேசைக்கு வந்த கடிதங்களில் ஒரே முறைப்பாடு திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. யட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தாயொருவர், இறக்குவானையில் உயர்தரம் படிக்கும் மாணவர் ஒருவர், பலாங்கொடையில் முன்பள்ளி நடத்தும் ஆசிரியை ஒருவர் என்று மூன்று மூலைகளிலிருந்து எழுதியிருக்கிறார்கள். சாரம் ஒன்றுதான்: "நன்றாக ஓடிக்கொண்டிருந்த லேப்டொப். அப்டேட் ஒன்று வந்தது. அதற்குப் பிறகு திறந்தால் தேநீர் குடித்து முடியும்வரை முகப்பே வருவதில்லை. கடையில் கேட்டால் பழசாகிவிட்டது, கொடுத்துவிட்டுப் புதிது எடுங்கள் என்கிறார்கள். என்ன செய்யலாம்?"

மூவருக்கும், எழுதாமல் மனதுக்குள் வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள். லேப்டொப் மெதுவாகிவிட்டது என்பதால் அதன் காலம் முடிந்துவிட்டது என்று ஆகாது. அதைப் பிடித்து இழுப்பது எது என்று கண்டுபிடித்துச் சரிசெய்தால், பெரும்பாலானவை இன்னும் சில வருடங்கள் பிள்ளைகளின் படிப்புக்கு உழைக்கும்.

இதை ஒரு தொழில்நுட்பக் குறிப்பாக உள்பக்கத்தில் போடாமல் ஆசிரியர் பக்கத்திலேயே எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாயாக உயர்ந்தது. மாதம் இருபத்தைந்து நாள் பெயர் விழுந்தால் அந்தக் கணக்கில் 33,750 ரூபாய். நம் இரத்தினபுரி, கேகாலை இறப்பர் தோட்டங்களில் மழை பெய்த காலையில் பால் வெட்டே இல்லை என்பதால், இருபத்தைந்து நாள் என்பதும் எல்லா மாதமும் கிடைப்பதல்ல. ஒரு லட்சத்துக்குக் குறைந்து புது லேப்டொப் கிடைப்பது அரிது. ஒரு வீட்டின் மூன்று மாத உழைப்பு முழுவதையும் ஒரு சொல்லுக்காக, "பழசு" என்ற ஒரு சொல்லுக்காக, கடையில் கொண்டுபோய் வைப்பது நியாயமா? 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் அந்த மே மாதத்திலேயே 360ஐத் தொட்டதை நாம் மறக்கவில்லை. அன்று ஏறிய மின்சாதன விலைகள் பழைய இடத்துக்கு இறங்கவே இல்லை. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்ட பிறகு, கொழும்பில் வேலை செய்யும் அண்ணனும் மாமாவும் பாவித்துவிட்டுத் தந்த லேப்டொப்கள்தான் இன்றும் பல லயத்து வீடுகளில் இருக்கின்றன. இருப்பதைக் காப்பாற்றுவதே இப்போது நமக்குச் சிறந்த சேமிப்பு.

சரி, அப்டேட் வந்தபின் ஏன் மெதுவாகிறது?

விண்டோஸின் மாதாந்தப் பாதுகாப்பு அப்டேட் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை வெளியாகிறது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் காலை பத்து மணி என்றால், நமக்கு அன்றிரவு பத்தரை அல்லது பதினொன்றரை. ஆகவே மறுநாள் புதன்கிழமை நீங்கள் லேப்டொப்பைத் திறக்கும்போது அது ஏற்கெனவே வேலையில் இறங்கியிருக்கும். அப்டேட்டை இறக்குவதும் பொருத்துவதும் மட்டுமல்ல, பொருத்திய பிறகும் பின்னணியில் நிறைய வேலை நடக்கிறது. கோப்புகளின் தேடல் பட்டியலைப் புதுப்பிக்கிறது, வைரஸ் சோதனை ஓடுகிறது, பழைய அப்டேட்டின் மிச்சங்களைத் துப்புரவு செய்கிறது. புதிய இயந்திரத்தில் அரைமணி நேரத்தில் முடியும் இந்த வேலை பழையதில் பல மணி நேரம் இழுக்கும். நாமோ டேட்டா வீணாகிறது, கரண்ட் வீணாகிறது என்று பாதியில் மூடிவிடுகிறோம். மறுநாள் விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்குகிறது. ஒரு வாரமாக லேப்டொப் அசையவில்லை என்று எழுதியவர்களில் சிலருக்கு நடந்திருப்பது இதுவாகவே இருக்கலாம்.

எனவே முதல் மருந்து பொறுமை. சார்ஜரைச் செருகி, தானாக உறங்கப்போகாதபடி செட்டிங்ஸில் மாற்றி, மூன்று நான்கு மணி நேரம் அதன்பாட்டில் விடுங்கள். பிறகு 'ஷட் டவுன்' அல்ல, 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். விண்டோஸ் 8 காலத்திலிருந்து, ஷட் டவுன் கொடுத்தாலும் இயங்குதளத்தின் ஒரு பகுதி டிஸ்கில் அப்படியே சேமிக்கப்பட்டு மறுநாள் திரும்ப எழுப்பப்படுகிறது. முழுமையாகப் புதிதாய்த் தொடங்குவது ரீஸ்டார்ட்டில்தான்.

எப்போது விடுவது என்பதில் நம் சப்ரகமுவைக்கென்று ஒரு எச்சரிக்கை உண்டு. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் நமக்கு மாலை நேரத்து இடிமின்னல் காலம். விண்டோஸ் 11இன் வருடாந்தப் பெரிய அப்டேட்டும் அதே பருவத்தை ஒட்டித்தான் வருகிறது: 2023இல் ஒக்டோபர் 31, 2024இல் ஒக்டோபர் 1, 2025இல் செப்டெம்பர் 30. மின்னல் நேரத்தில் சார்ஜரைக் கழற்றியே ஆகவேண்டும், அதில் மாற்றுப் பேச்சில்லை. ஆனால் பெட்டரி செத்துப்போன பழைய லேப்டொப்பில் சார்ஜரைக் கழற்றினால் அந்த நொடியே அணைந்துவிடும். அப்டேட் பாதியில் நிற்கும்போது அணைந்தால் விண்டோஸே கெட்டுப்போகலாம். ஆகவே பெட்டரி நிற்காத லேப்டொப் வைத்திருப்பவர்கள் வானம் வெளித்த காலை நேரத்தில் மட்டும் அப்டேட்டுக்கு இடம் கொடுங்கள். அந்தியில், மலைக்குப் பின்னால் இருட்டிக்கொண்டு வரும்போது, "அப்டேட் அன்ட் ஷட் டவுன்" என்பதை அமத்த வேண்டாம்.

ஒருநாள் முழுக்க விட்டும் சரிவரவில்லை என்றால், இரண்டாவது வேலை, நோய் எங்கே என்று பார்ப்பது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமத்தினால் 'டாஸ்க் மெனேஜர்' என்ற பலகை திறக்கும். அதில் நான்கு தலைப்புகளைக் கவனியுங்கள்: சி.பி.யூ., மெமரி, டிஸ்க், நெட்வேர்க். ஒவ்வொன்றின் மேலும் ஒரு சதவீதம் இருக்கும். நீங்கள் எதையுமே திறக்காமல் இருக்கும்போது டிஸ்க் மட்டும் சிவந்து 100 சதவீதத்தில் நின்றால், உங்கள் நோய் டிஸ்கில் இருக்கிறது. மெமரி எண்பது, தொண்ணூறில் நின்றால் ரெம் போதவில்லை. சி.பி.யூ. உயர்ந்து நின்றால் ஏதோ ஒரு மென்பொருள் விடாமல் ஓடுகிறது, எது என்று அதே பலகையின் பட்டியல் காட்டும். கடைக்குக் கொண்டுபோகுமுன் இந்த நான்கு எண்களையும் ஒரு துண்டில் எழுதிக்கொள்ளுங்கள். என்ன வருத்தம் என்று தெரிந்து வருபவரிடம் கடைக்காரர் பேசும் விதமே வேறு.

பழைய லேப்டொப்பில் பெரும்பாலும் டிஸ்க்தான் மாட்டும். உள்ளே இருப்பது நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் தட்டு. விநாடிக்கு 90 சுற்று. ஒவ்வொரு சிறு கோப்புத் துண்டையும் படிக்க, ஊசிபோன்ற கை ஒன்று சரியான வட்டத்துக்கு நகர்ந்து, தட்டில் அந்த இடம் சுழன்று வரும்வரை காத்திருக்கவேண்டும். இப்படிச் சிதறிக் கிடக்கும் துண்டுகளை விநாடிக்கு நூறு படிப்பதே கஷ்டம். சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. என்ற வகை டிஸ்க் அதே விநாடியில் பல்லாயிரம் துண்டுகளைப் படித்துவிடும். இன்றைய விண்டோஸ் பின்னணியில் ஓயாமல் சிறுசிறு துண்டுகளைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. 4 ஜிகாபைட் ரெம் உள்ள இயந்திரத்தில் ரெம் நிறைந்ததும் மிச்சத்தையும் டிஸ்கிலேயே கொண்டுபோய் வைக்கிறது. ஒரே கதவடியில் எல்லாரும் முண்டியடித்தால் யாரும் உள்ளே போகமுடியாது அல்லவா, நிலைமை அதுதான்.

காசு செலவில்லாமல் முதலில் செய்யக்கூடியவை சில உண்டு. டாஸ்க் மெனேஜரில் 'ஸ்டார்ட்டப்' பகுதிக்குப் போய், லேப்டொப் திறக்கும்போதே தானாக ஓடத்தொடங்கும் மென்பொருள்களில் தேவையில்லாதவற்றை 'டிஸேபிள்' செய்யுங்கள். சி டிரைவில் குறைந்தது இருபது ஜிகாபைட்டாவது வெறுமையாக வையுங்கள். பெரிய அப்டேட் ஒன்று வந்திருந்தால், பழைய விண்டோஸ் முழுவதும் ஒரு கோப்புறையில் பல ஜிகாபைட் இடத்தைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். 'டிஸ்க் கிளீனப்' திறந்து 'கிளீனப் சிஸ்டம் ஃபைல்ஸ்' கொடுத்தால் அதை நீக்கலாம். ஆனால் இரண்டு விஷயம் கவனம். புதிய பதிப்பு ஒத்துவரவில்லை, பழையதற்கே திரும்பவேண்டும் என்றால் முதல் பத்து நாளுக்குள் அந்தக் கோப்புறை தேவை, அதை நீக்கிவிட்டால் திரும்பும் வழி அடைபட்டுவிடும். அடுத்தது, அந்தப் பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்ற பெட்டியும் வரலாம். அதில் சரி போட்டுவிட்டால் பிள்ளை இறக்கி வைத்த கடந்தகால வினாத்தாள்கள் எல்லாம் ஒரேயடியாகப் போய்விடும்.

"லேப்டொப்பை வேகமாக்கும்" என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களை இறக்காதீர்கள். அவையும் பின்னணியில் ஓடி இன்னும் பாரம் ஏற்றும், சில வைரஸையும் கூட்டிவரும். கைத்தொலைபேசியின் ஹொட்ஸ்பொட்டில் இணைபவர்கள் வைஃபை செட்டிங்ஸில் அந்த இணைப்பை 'மீட்டர்ட் கனெக்ஷன்' என்று குறித்து வைத்தால், பெரிய அப்டேட்கள் கேட்காமல் டேட்டாவைத் தின்பது குறையும்.

நம் ஊர் ஈரத்தையும் சொல்லவேண்டும். இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. காற்றில் ஈரம் குறையாத இடத்தில், விசிறிக்குள் போகும் தூசி உலர்ந்து பறந்துபோகாமல் அடையாக ஒட்டிக்கொள்கிறது. சூடு வெளியேற வழியில்லாதபோது புரொசஸர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கிறது. அப்டேட்டுக்குப் பிந்திய வேலைப்பளுவில் சூடு ஏறும், சூடு ஏறினால் வேகம் இறங்கும், வேகம் இறங்கினால் வேலை இன்னும் நீளும். கட்டிலில், தலையணைமேல் வைத்துப் பாவிக்காமல் மேசையில் வையுங்கள். விசிறியைத் துப்புரவு செய்து, புரொசஸருக்குப் பூசும் பேஸ்டைப் புதுப்பித்துத் தருமாறு கடையில் கேளுங்கள். சிறிய வேலைதான், பலன் உடனே தெரியும்.

இவ்வளவும் செய்தும் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றால், செலவு செய்யவேண்டிய இடம் எஸ்.எஸ்.டி. அண்மையில் தெஹியோவிட்டைப் பக்கத் தோட்டமொன்றில் ஒரு தம்பி இதைச் செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். மேசையில் ஒரு பத்திரிகைத் தாளை விரித்தார். கழற்றும் ஆணிகளை, அவை இருந்த இடத்தின் படத்தைத் தாளில் வரைந்து அதன்மேலேயே வரிசையாக வைத்தார். அடிமூடியைத் திறந்து, பெட்டரி இணைப்பை முதலில் கழற்றி, பழைய டிஸ்கை அதன் தகரச் சட்டத்தோடு வெளியே இழுத்தார். அதே சட்டத்தில் அதே அளவு எஸ்.எஸ்.டி. அச்சாகப் பொருந்தியது. பழைய டிஸ்கை ஒரு சின்ன யூ.எஸ்.பி. பெட்டிக்குள் போட்டு, பிள்ளைகளின் படங்களும் பாடங்களும் அதிலேயே பத்திரமாக இருக்கட்டும் என்று வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்தார். விண்டோஸை மறுபடி ஏற்றி முடித்துத் திறந்தபோது, வீட்டின் மூத்த மகள் "மாமா, இது எங்கட லேப்டொப்தானா?" என்று கேட்டாள். முறையான விண்டோஸ் அனுமதி பெரும்பாலும் மதர்போர்டோடு பதிவாகியிருப்பதால் டிஸ்க் மாறினாலும் அது போகாது. புது லேப்டொப்பின் விலையில் ஒரு சிறு பங்குதான் செலவு. 4 ஜிகாபைட் ரெம் உள்ளவர்கள், மாதிரி இடம்கொடுத்தால் இன்னொரு 4 சேர்த்துக்கொள்ளலாம். எந்த வகை ரெம் என்று மட்டும் பார்த்து வாங்குங்கள், ஒரு வகைக்கு மற்றது பொருந்தாது.

போர்மட் பண்ணுவதே கடைகளில் முதல் பதிலாக இருக்கிறது. பழைய டிஸ்கிலேயே போர்மட் பண்ணினால் கொஞ்ச நாள் ஓடும், அடுத்தடுத்த அப்டேட்கள் வந்ததும் அதே இடத்தில் வந்து நிற்கும். ஆகவே "டிஸ்க் நல்ல நிலையில் இருக்கிறதா?" என்று முதலில் கேளுங்கள். போர்மட் பண்ணித்தான் ஆகவேண்டும் என்றால் ஆவணங்களைப் பிரதி எடுத்துவிட்டுக் கொடுங்கள், பாமினி எழுத்துருவையும் சேர்த்து எடுங்கள். கோயில் திருவிழா நோட்டீஸும் மரண உதவிச் சங்கத்தின் கணக்கும் நம்மிடையே இன்னும் பாமினியில்தான் தட்டச்சாகின்றன. எழுத்துரு இல்லாத லேப்டொப்பில் அவை ஆங்கில எழுத்துகள் குழம்பிக் கிடப்பதுபோலத் தெரியும். கோப்பு அழிந்துவிட்டது என்று பதற வேண்டாம், எழுத்துருவை ஏற்றினால் தமிழ் திரும்பிவிடும்.

சில அப்டேட்கள் உண்மையிலேயே வேகத்தைக் குறைக்கின்றன என்பதையும் மறைக்கக்கூடாது. புரொசஸர்களில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற இரு பாதுகாப்பு ஓட்டைகள் இருப்பது 2018 ஜனவரியில் பகிரங்கமானது. வேலையை விரைவுபடுத்த புரொசஸர் முன்கூட்டியே ஊகித்துச் செய்யும் கணக்குகள் வழியாக இரகசியங்கள் கசியலாம் என்பதே பிரச்சினை. அதை அடைக்கும் அப்டேட், 2013இல் வந்த நான்காம் தலைமுறை இன்டெலும் அதற்கு முந்தியவையும் உள்ள கணினிகளில் வேகத்தைக் குறைக்கும் என்று மைக்ரோசொஃப்ட்டே அப்போது ஒப்புக்கொண்டது. அந்தத் தலைமுறை லேப்டொப்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கின்றன. அந்த இழப்பு பாதுகாப்புக்கான விலை. வேகத்துக்காகப் பாதுகாப்பு அப்டேட்டையே நிறுத்திவைப்பது, வங்கிக் கணக்கும் பிள்ளைகளின் படங்களும் உள்ள இயந்திரத்தைத் திறந்து போடுவதற்குச் சமம்.

அதே நேரம், மெதுவாகும் என்று தெரிந்தால் அதைச் சொல்வது நிறுவனத்தின் கடமை. 2017 டிசம்பரில், பெட்டரி பழசான ஐஃபோன்களின் வேகத்தை அப்டேட் மூலம் குறைத்ததை ஆப்பிள் ஒப்புக்கொண்டது. திடீரென அணைந்துபோவதைத் தடுக்கவே செய்தோம் என்றது. 2018 ஒக்டோபரில் இத்தாலியின் போட்டி ஆணையம் ஆப்பிளுக்கு ஒரு கோடி யூரோவும், இதுபோன்ற அப்டேட் விவகாரத்தில் சாம்சங்குக்கு ஐம்பது லட்சம் யூரோவும் அபராதம் போட்டது. 2020 பெப்ரவரியில் பிரான்ஸ் ஆப்பிளுக்கு இரண்டரைக் கோடி யூரோ அபராதம் விதித்தது. அங்கே பலருக்குத் தெரியவந்த ஒரு சங்கதி நமக்கும் உதவும்: புது பெட்டரி ஒன்றைப் போட்டதும் அந்த ஃபோன்கள் பழைய வேகத்துக்குத் திரும்பின. ஒரு பாகத்தை மாற்றினால் போதுமாக இருந்தது.

ஆனால் பாகத்தை மாற்றித் தீராத பிரச்சினையும் ஒன்று உண்டு: விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. நீட்டித்த பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேர்ந்த தனிப்பட்ட கணினிகளுக்கு மட்டும் 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும். மைக்ரோசொஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸைப் பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் காசு கட்டாமலே சேரலாம். விண்டோஸ் 11 முறைப்படி ஓட, இன்டெல் என்றால் அநேகமாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும். பழைய இயந்திரத்தில் குறுக்குவழியில் அதை ஏற்றித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். 4 ஜிகாபைட் ரெம்மில் அது இன்னும் இழுக்கும்.

அந்த இயந்திரங்களுக்கு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளம் இருக்கிறது. இலவசம். லினக்ஸ் மின்டின் எக்ஸ்.எஃப்.சி.ஈ. பதிப்பு பழைய லேப்டொப்பிலும் இலகுவாக ஓடும். ஒரு பென்டிரைவிலிருந்தே ஓடவிட்டுப் பார்த்து, பிடித்தால் மட்டும் நிரந்தரமாக ஏற்றலாம். லிப்ரே ஒஃபிஸில் கட்டுரையும் கணக்குத் தாளும் செய்யலாம், தமிழிலும் தட்டச்சு செய்யலாம், பாமினியும் ஓடும். கேரளத்து அரசுப் பாடசாலைப் பிள்ளைகள் பல வருடங்களாக லினக்ஸில்தான் படிக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2011இலிருந்து மாணவருக்கு வழங்கிய இலவச லேப்டொப்களில் விண்டோஸோடு பொஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. நம் பிள்ளைகளுக்கும் இது கைவரும்.

இனி உங்களிடம் ஒரு கோரிக்கை. 2009 ஒக்டோபரில் நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் 'ரிப்பேர் கஃபே' என்று ஒரு பழக்கம் தொடங்கியது. அயலவர்கள் பழுதான பொருளோடு ஓரிடத்தில் கூடுவார்கள், தெரிந்தவர் தெரியாதவருக்குக் காட்டிக்கொடுத்துச் சேர்ந்து திருத்துவார்கள். இன்று பல நாடுகளில் அது நடக்கிறது. நம்மிடம் கோயில் மண்டபம் உண்டு, வாசிகசாலை உண்டு, ஞாயிற்றுக்கிழமை உண்டு. தொழிற்பயிற்சி நிலையங்களில் கணினி வன்பொருள் படித்துவிட்டுக் கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் நம் தோட்டத்துப் பிள்ளைகளும் உண்டு. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அவர்கள் ஊர் வரும்போது, அரைநாள் மண்டபத்தில் ஒரு மேசை போடுங்கள். நான்கு எண்களைப் பார்க்கவும், விசிறியைத் துடைக்கவும், டிஸ்கை மாற்றவும் அவர்கள் அங்கேயுள்ள பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கட்டும். பெண் பிள்ளைகளை முன்னே உட்கார வையுங்கள். ஒரு தோட்டத்துக்கு இரண்டு பேருக்கு இந்த வேலை தெரிந்தால், அந்தத் தோட்டத்தில் யாரும் "பழசு" என்ற சொல்லை நம்பி மூன்று மாதச் சம்பளத்தைக் கொடுக்கத் தேவையிருக்காது.

அடுத்த இதழிலிருந்து திருத்த வேலைக்கென்று ஒரு கேள்வி பதில் பக்கம் ஒதுக்குகிறோம். உங்கள் லேப்டொப்பின் வயது, ரெம் அளவு, டாஸ்க் மெனேஜரில் கண்ட நான்கு எண்கள் ஆகியவற்றை எழுதி அனுப்புங்கள். வேலை தெரிந்தவர்களும் எழுதுங்கள், உங்கள் பகுதி வாசகர்களோடு சேர்த்து வைப்பது எங்கள் பொறுப்பு.

அன்புடன்,
ஆசிரியர்